மூன்று மணி நேரக் கல்யாணம்

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கல்யாண கேசட் கிடக்கும். இருந்தால் இன்றைக்கே கீழே இறக்குங்கள். ஏன் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆனது 2002-ல். புகுந்த வீடு இந்தப் பரவைதான். அப்போது எங்கள் பக்கம் கல்யாண வீடியோ என்றால் கறுப்பு கேசட். எங்களுடையது மூன்று மணி நேரம் ஓடும். டெக் பழுதாகிப் பழைய சாமான்காரரிடம் போய்ப் பல வருஷமாச்சு. புதுசு வாங்கவும் வழியில்லை. கடைசி வரை அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

சோழவந்தானில் இருக்கும் என் அம்மாச்சிக்கு வயசு எண்பத்தாறு. செல்போனில் படம் பார்க்க வராது. டிவிடி பிளேயரில் ஒரு பட்டனை அமுக்கத் தெரியும், அவ்வளவுதான். "ஏத்தா, ஒங் கல்யாணப் படத்தைப் போட்டுக் குடுத்தா, எம் மக மொகத்தை ஒருக்கப் பாத்துக்கிருவேன்" என்றார். என் அம்மா 2011-ல் தவறிவிட்டார்.

டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கேசட்டைக் கொடுத்தேன். நாலு நாளில் பளபளவென்று டிவிடி வந்தது. போட்டுப் பார்த்தால்... பந்தியைக் காணோம்! "ஒரே டிவிடியில கொள்ளணும்னு சொன்னீங்க. சாப்பாட்டு சீன் வேஸ்ட்தானே அக்கா, வெட்டிட்டேன்" என்கிறான் அந்தப் பையன்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எதை வைக்கணும் என்று நான் வாயைத் திறக்கவில்லையே! அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ ஞாபகம் இருக்கிறதா? நலங்கு, மாலை மாற்றுவது, தாலி கட்டுவது எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். கெட்டிமேளம்கூடக் கேட்காது. எங்கள் கேசட்டில் பந்திக்கு மட்டும் பாட்டுப் போட மறந்துவிட்டார்கள் போலும். அங்கே பேசியது பேசியபடி இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று, "கடைசி எலைக்கு ரசம் வரலை பாருங்க" என்று ஒரு சத்தம். அம்மாவின் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

நல்லவேளை, கேசட் பத்திரமாகத் திரும்பி வந்தது. மறுபடி போய், ஒரு இடமும் வெட்டாமல் முழுசையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வாங்கி வந்தேன். அப்புறம் நாத்தனார் மகனும் நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

முழு ஃபைல் 6.4 ஜிபி. டிவிடி மேலே 4.7 என்று அச்சடித்திருக்கும், கம்ப்யூட்டரோ 4.37 என்றுதான் காட்டுகிறது. (படியில் குறைத்துவிட்டானோ என்று நினைத்தேன். இல்லையாம். தட்டு செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024, 1024 ஆக எண்ணுகிறது.) அதில் தெளிவாகச் சுமார் 2 மணி நேரம் கொள்ளும். மூன்றையும் திணிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கிடைக்கிற இடம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, ஆட்கள் அசையும்போது முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். 8.5 ஜிபி கொள்ளுகிற இரட்டை அடுக்கு டிவிடியும் உண்டு, பழைய பிளேயர் சிலது அதைப் படிக்காது. ரெண்டு டிவிடியாகப் போட்டால் என்ன என்பீர்கள். அம்மாச்சிக்கு மாற்றிப் போட ஆள் வேண்டுமே!

ஆக ஒரு மணி நேரம் போயாக வேண்டும். நோட்டை எடுத்து நானே எழுதினேன். இதயத்துக்குள் எங்கள் இருவர் முகமும் சுற்றிச் சுற்றி வருகிற வேடிக்கை 11 நிமிஷம், போகட்டும். மண்டப வாசல் சீரியல் லைட் 6 நிமிஷம், அதுவும் போகட்டும். மேடையில் பரிசு கொடுத்து போட்டோவுக்கு நிற்கிற வரிசை 52 நிமிஷம்! அதில்தான் கை வைக்க மனசு வரவில்லை. போய்ச் சேர்ந்தவர்கள் பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் நிற்பதை இரண்டு மூன்று வினாடியாகச் சுருக்கினோம், ஒருத்தரையும் விடவில்லை. 52 நிமிஷம் 9 ஆச்சு. ஃபைல் 4.27-க்கு இறங்கியது.

வெட்டுவதிலும் பக்குவம் இருக்கிறது. டிவிடி ஃபைலில் எல்லாப் படமும் முழுப்படம் இல்லையாம். ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒன்றுதான் முழுசு. நடுவில் உள்ளவை 'இன்னது மாறியது' என்கிற குறிப்பு மட்டும். மல்லிகைச் சரத்தை முடிச்சுப் பார்த்து அறுக்கிறோமே, அப்படி முழுப்படம் தொடங்குகிற இடத்தில் அறுத்தால் தெளிவு குறையாது. கண்ட இடத்தில் அறுத்தால் பூ உதிர்கிற மாதிரி அங்கே படம் கலங்கும்.

டிவிடியில் எழுதும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள். முடிவில் 'ஃபைனலைஸ்' செய்ய மறக்காதீர்கள், மறந்தால் வீட்டுப் பிளேயர் படிக்காமல் போகலாம். எங்களுக்கு அப்படி ஒரு டிவிடி வீணாச்சு. தட்டைத் துடைத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, வட்டமாக வேண்டாம். கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். வெட்டாத முழு ஃபைலை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் கத்தரியை எடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் போய்ப் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் வரை அம்மாச்சி பேசாமல் பார்த்தார். பந்தி வந்தது, அந்தக் குரலும் வந்தது. "இவ எப்பவும் இப்படித்தேன். அவ சாப்ட்டிருக்க மாட்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எடத்தை மறுக்கப் போடு" என்றார்.

பின்னால் ஓட்டுகிற பட்டன் எது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.