கணக்குக் காட்டாதார் கையிற் கழகங்கள்

இங்கிலாந்தின் முதல்தர றக்பிப் போட்டியில் 13 கழகங்கள் இருந்தன. 2022 செப்டெம்பரில் வூஸ்டர் வீழ்ந்தது. அடுத்த மாதம் வாஸ்ப்ஸ் வீழ்ந்தது. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் நிறுத்திவைக்கப்பட்டது. எஞ்சியவை 10. வாஸ்ப்ஸ் 1867 இல் தோன்றிய கழகம். ஐரோப்பியக் கிண்ணத்தை இருமுறை வென்ற கழகம். இத்துணைப் பழம்பெருமை வாய்ந்த கழகங்கள் பத்து மாதங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது எதனால்?

பெருந்தொற்றினால் என்கின்றனர் கழக அதிபர்களுக்காகப் பரிந்து பேசுவோர். மைதானங்கள் பூட்டப்பட்டன, வருவாய் நின்றது, யார்தான் என்செய்ய முடியும் என்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்கமாட்டோம். வெள்ளம் வந்து குளக்கட்டை உடைத்தது மெய்யே. ஆனால் அக்கட்டிலே நண்டு வளை விழுந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையன்றோ முதலில் விசாரித்தல் வேண்டும்?

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். கொவென்ட்றி நகருக்குக் குடிபெயர்ந்து அங்குள்ள பெரிய மைதானத்தை வாங்கிய வாஸ்ப்ஸ், 2015 இல் பொதுமக்களுக்குக் கடன் பத்திரம் விற்று 3 கோடியே 50 இலட்சம் பவுண் திரட்டியது. 2022 மே மாதத் தவணைக்கு அதைத் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. 2018 டிசெம்பரில் கழகங்கள் யாவும் கூடித் தம் போட்டியின் வர்த்தக உரிமையில் நூற்றுக்கு 27 பங்கை சீ.வீ.சீ. என்ற முதலீட்டுக் கம்பனிக்கு விற்றன. கைக்கு வந்தது 20 கோடி பவுணுக்கு மேல். விற்கப்பட்டதோ ஓராண்டு விளைச்சலன்று. இனிவரும் ஆண்டுகளின் விளைச்சலிலும் ஒரு பங்கு. விதைநெல்லைக் குற்றிச் சோறாக்கியவனை நம் கமக்காரர் என்ன பெயரால் அழைப்பர் என்பதை நாம் எழுதவேண்டியதில்லை. இவையெல்லாம் பெருந்தொற்றுக்கு முன்னரே செய்யப்பட்ட காரியங்கள்.

சட்டமே இல்லாதிருந்ததா? இருந்தது. வீரருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதித்து, அதை மீறிய சரசன்ஸ் கழகத்துக்கு 2019 நவம்பரில் 53 இலட்சத்து 60 ஆயிரம் பவுண் தண்டமும் 35 புள்ளிக் குறைப்பும் விதித்தனர். நன்று. ஆனால் மூன்றாண்டுகள் கழித்து வூஸ்டரில் நடந்ததென்ன? ஊழியரின் ஆகஸ்ட் மாதச் சம்பளம் முழுமையாகக் கொடுபடவில்லை. வீரரின் ஒப்பந்தங்களை வைத்திருந்த கம்பனி, வரி நிலுவைக்காக 2022 ஒக்ரோபர் 5 ஆந் தேதி உயர்நீதிமன்றத்தாற் கலைக்கப்பட்டது. அன்றே வீரர்கள் வேலையற்றவராயினர். அளவுக்கு மேற் சம்பளம் கொடுத்தவனைப் பிடிக்க விதியிருந்தது. சம்பளமே கொடாதவனை நேரகாலத்தோடு தடுக்க விதியில்லை!

கழகம் தனியார் சொத்து, அதில் பிறர் தலையிடலாகாது என்று இன்னொரு வாதம் கிளம்புகின்றது. அப்படியானால், பெருந்தொற்றுக் காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் றக்பிக் கழகங்களுக்குக் கொடுத்த 10 கோடி பவுணுக்கு மேற்பட்ட கடன் யாருடைய பணம்? வரி செலுத்தியவன் பணமன்றோ? 2023 ஜனவரியில் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு, வூஸ்டர் அதிபர்களை மட்டுமன்றி, மேற்பார்வையிற் தவறிய றக்பி யூனியனையும் போட்டி நிர்வாகத்தையும் கண்டித்தது.

குறையின் வேர் எங்கே? போட்டியை நடத்தும் கம்பனியின் பங்காளிகள் அக்கழகங்களே. பங்காளியே பங்காளியின் கணக்கைச் சோதிப்பதெங்ஙனம்? தன் வழக்கிற் தானே நீதிபதியாதல் ஆகாதென்பது சட்டம் பயிலும் மாணவனும் அறிந்த நியதி. ஆட்டத்துக்கு நடுவர் வைத்தவர்கள் பணத்துக்கு நடுவர் வைக்க மறந்தனர்.

மேலேயிருக்கும் யூனியனின் நிலையும் திருப்திக்குரியதன்று. 2024 ஜூனுடன் முடிந்த ஆண்டில் அதன் இயக்க நட்டம் 3 கோடியே 79 இலட்சம் பவுண். அதே ஆண்டுக்கு அதன் பிரதம நிர்வாகி பெற்றது, வெகுமதியும் சேர்த்து, 11 இலட்சம் பவுண். நாற்பதுக்கு மேற்பட்ட ஊழியரோ வேலை இழந்தனர். கொதித்தெழுந்த உறுப்பினர் 2025 மார்ச்சில் விசேட பொதுக்கூட்டத்திலே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தனர். ஆதரவு 206, எதிர்ப்பு 466. தீர்மானம் தோற்றது. எனினும், அந்த 206 வாக்குகளை வெறுங் கூச்சலென்று தள்ளிவிட எவராலும் இயலாது.

நம் வாசகரிற் பலர் சங்கங்களிற் பொருளாளராயிருந்தவர்கள். ஐந்து ரூபாவுக்குப் பற்றுச்சீட்டில்லையெனில் ஆண்டுக் கூட்டத்தில் எழும் கேள்வியை அறிவார்கள். அக்கேள்வி மரியாதைக் குறைவன்று. அதுவே சங்கத்தின் உயிர். கோடிக் கணக்கில் புரளும் இடத்தில் அக்கேள்வி எழாமற் போனதே இங்கு நாம் காணும் நோய்.

வீழ்ச்சிக்குப் பின்னர் கழகக் கணக்குகளைக் கண்காணிக்கக் குழு அமைத்துள்ளனர். நல்லதே. ஆயின் அது போதாது. கழகம் வாங்க வருவோனின் நிதிநிலையைச் சோதிக்கும் அதிகாரம் பங்காளிகளல்லாதார் கையில் இருத்தல் வேண்டும். ஊழியர் சம்பளமும் வரியும் ஒரு மாதம் தவறினும் அன்றே எச்சரிக்கை எழுதல் வேண்டும். எதிர்கால வருவாயை விற்பதாயின், கழகத்தின் ஆதரவாளரிடமும் வீரரிடமும் முன்கூட்டியே கணக்கு வைத்தல் வேண்டும்.

வூஸ்டர் 2025 இல் இரண்டாந்தரப் போட்டியில் மீண்டும் களமிறங்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் மூன்றாண்டுகள் பூட்டிக் கிடந்த கதவுக்கு வெளியே நின்ற வீரனுக்கும், சீட்டு விற்ற ஊழியனுக்கும், புல் வெட்டிய தொழிலாளிக்கும் யார் பதில் சொல்வது? அதிபர்கள் சொல்லட்டும். அவர்கள் சொல்லும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.