ஆற்றுக்கு நூறு, கூண்டுக்கு ஆறு

2024 ஜூன் 23ஆம் தேதி, பருவத்தின் நடுவில், நோர்வேயின் 33 ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை விழுந்தது. வேலை முடிந்த மாலைகளில் நான் தூண்டிலோடு இறங்கும் கவுலா ஆறும் அதில் அடக்கம். தடையைக் குறை சொல்லமாட்டேன். 1980களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் சால்மன் இந்தக் கரைக்குத் திரும்பியது. இப்போது அதில் பாதியும் இல்லை. பிடிக்காமல் விட்டால்தான் முட்டையிட மீன் மிஞ்சும்.

என் கோபம் வேறு. ஆற்றங்கரை விவசாயி அனுமதிச் சீட்டு விற்கும் காசை இழந்தார். கடலில் மிதக்கும் வளர்ப்புக் கூண்டுகளோ அன்றும் வழக்கம்போல் இயங்கின.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு இங்கே சோறு போட்டது வளர்ப்புச் சால்மன்தான். குடலெடுத்து, ஐஸ் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் அடுக்கும் ஆலை வேலை. ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் வளர்க்கும் நாடு இது. அத்தனை மீன் அடைந்து கிடந்தால் மீனில் ஒட்டி வாழும் கடல்பேன் பெருகாமல் என்ன செய்யும்? கூண்டென்பது வெறும் வலை. தண்ணீரோடு பேனும் வெளியே போகும். வசந்தத்தில் ஆற்றிலிருந்து இறங்கும் குஞ்சு ஒரு சாண்கூட இராது, இருபது கிராம் தேறலாம். கூண்டுகளைத் தாண்டித்தான் அது பெருங்கடலை எட்டவேண்டும். பத்துப் பேன் ஏறினால் பிழைப்பது அரிது.

அரசுக்கு இது நன்றாகவே தெரியும். 2017 முதல் கரையை 13 வலயங்களாகப் பிரித்து, சாலை விளக்குப்போல் நிறம் கொடுக்கிறார்கள். குஞ்சுகளில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பேனால் சாகும் என்று கணித்தால் அது சிவப்புக்குரிய நிலை. சிவப்பு விழுந்தால் கூண்டுக்காரர் உற்பத்தியை நிறுத்தவேண்டுமா? இல்லை, 6 சதவீதம் குறைத்தால் போதும். தூண்டில்காரனுக்கு மட்டும் நூறு சதவீதம்!

சால்மன் குறையக் கடல் சூடாவதும் காரணம் என்கிறார்கள். உண்மைதான். கடலின் சூட்டை ஒரு கோடையில் தணிக்க முடியாது. கூண்டுக்குச் சுவர் வைக்கலாம். பேன் அதிகம் மேல்நீரில்தான் திரியும். ஆழத்து நீரை இறைத்து, மூடிய தொட்டியில் மீன் வளர்க்கும் முறை இங்கேயே இருக்கிறது. செலவு கூடத்தான். மேற்குக் கரையில் சிவப்பு விழுந்த இடங்களிலாவது நாள் குறித்து அதைக் கட்டாயமாக்கட்டும், மறுப்பவரின் உரிமத்தைப் பறிக்கட்டும்.

எங்கள் வேலைக்கு உலை வைக்கிறாயே என்று சாப்பாட்டு மேசையில் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். தொட்டியில் வளர்ந்த மீனுக்கும் குடலெடுக்க ஆள் வேண்டாமா?