நிறுத்து மணிப்பொறியும் நம் தொழிலாளியின் மொழியும்

கல்லூரிகளில் கற்பிக்கப்பெறும் பொறியியற் பிரிவுகளுள், உழைப்பாளியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தே ஆகவேண்டிய பிரிவு ஒன்று உண்டு. கட்டடப் பொறிஞன் கல்லையும் மண்ணையும் அளக்கின்றான். மின்பொறிஞன் மின்னோட்டத்தை அளக்கின்றான். தொழிலகப் பொறிஞனோ உழைக்கின்ற மாந்தனை அளக்கின்றான். ஒரு வேலையைச் செய்து முடிக்க எத்தனை அசைவுகள் வேண்டும், எத்தனை நொடிகள் ஆகும், பலகை எந்த உயரத்தில் இருந்தால் முதுகு நோவாது, செய்பொருள் எவ்விடத்தில் தேங்கிக் கிடக்கின்றது, எவ்வளவு சரக்கை இருப்பில் வைத்தால் இழப்புக் குறையும் என்பனவெல்லாம் அவன் கற்கும் பாடங்கள். கல்லும் மண்ணும் எம்மொழியும் பேசா. உழைப்பாளி பேசுவான். இந்நாட்டில் அவன் பேசுவது தமிழ். அவனை அளக்கும் கலையோ நான்காண்டும் ஆங்கிலத்திலேயே பயிற்றப்பெறுகின்றது.

தாய்மொழிவழிக் கல்வி வேண்டும் என்று நாம் எழுதுவது புதிதன்று; படிப்பவர்க்கும் அது பழகிப் போயிருக்கும். ஆயினும், இத்திங்கள் நாம் சொல்லவருவது அதனினும் சற்று மேற்பட்டது. பிற பொறியியற் பிரிவுகளை அயன்மொழியிற் கற்றால் கற்பவன் துன்புறுவான். தொழிலகப் பொறியியலை அயன்மொழியிற் கற்றாலோ, அக்கலையே பழுதுபடும். இதனை வெறும் மொழிப்பற்றால் கூறுகின்றோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அக்கலையின் வரலாறே நமக்குச் சான்று பகர்கின்றது.

அமெரிக்காவில், பெத்லகேம் எஃகாலையில், 1899-ஆம் ஆண்டு பிரெடரிக்கு தெய்லர் என்னும் பொறிஞர், இரும்புக் கட்டிகளைச் சுமந்து தொடர்வண்டிப் பெட்டியில் ஏற்றும் வேலையை ஆய்ந்தார். ஆள் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12.5 தொன் ஏற்றிக் கொண்டிருந்தனர். இடையிடையே முறைப்படி இளைப்பாற விட்டால் 47 தொன் ஏற்றலாம் என்று அவர் கணக்கிட்டார். ஒரு தொழிலாளியைத் தெரிந்தெடுத்து அவ்வாறே செய்வித்தும் காட்டினார். அவன் நாட்கூலி 1.15 தாலரிலிருந்து 1.85 தாலராக உயர்ந்தது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலியோ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்! இதனைப் பெருமையோடு 1911-இல் நூலாகவும் எழுதி வெளியிட்டார் தெய்லர். உலகெங்கும் தொழிலகப் பொறியியல் மாணவர்க்கு முதலிற் சொல்லப்பெறும் பெயர் அவருடையதே.

அந்நூலில் ஒரு செய்தி நம் கண்ணை உறுத்துகின்றது. 'சிமித்து' என்னும் புனைபெயரால் அவர் குறிப்பிடும் அத்தொழிலாளி செருமானிய வழிவந்தவன். ஆங்கிலம் அவன் நாவில் திரிந்தே வந்தது. தெய்லர் அத்திரிந்த ஒலிகளைச் சற்றும் மாற்றாமல் அச்சேற்றி வைத்துள்ளார். இத்தகு வேலைக்கு ஏற்றவன் காளைமாட்டை ஒத்த மழுங்கிய அறிவினனாக இருத்தல் வேண்டும் என்றும் எழுதினார். ஆனால், அதே சிமித்து, வேலைக்கு வருமுன் காலையிலும் வேலை முடிந்தபின் மாலையிலும், தான் வாங்கிய சிறு நிலத்தில் தன் கையாலேயே வீட்டுக்குச் சுவர் எழுப்பிக் கொண்டிருந்தான் என்பதையும் தெய்லரே எழுதியிருக்கின்றார். தன் வீட்டைத் தானே கட்டத் தெரிந்தவன், அளக்க வந்தவர் கண்ணுக்கு எப்படி மாடாகத் தோன்றினான்? அவன் மொழி அளப்பவர் மொழியாக இல்லாமற் போனமையே கரணியம் என்று நாம் கருதுகின்றோம். ஒருவன் மொழி நமக்கு இளக்காரமாகிவிட்டால், அவன் அறிவும் நமக்கு இளக்காரமாகி விடுகின்றது. தமிழருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதன்று.

இதன் விளைவும் விரைவிலேயே தெரிந்தது. அதே 1911-இல், வாட்டர்டவுன் என்னுமிடத்து அரசுப் படைக்கலச் சாலையில், நொடிக்கணக்கைக் குறிக்கும் நிறுத்து மணிப்பொறியோடு ஒருவர் வந்து நின்றதும், வார்ப்படத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். அமெரிக்கப் பேராயம் உசாவற் குழு அமைத்தது. 1915-இல் படைச்செலவுச் சட்டத்தின் வழியாக, அரசுப் படைக்கலச் சாலைகளில் அம்மணிப்பொறி அளவீட்டுக்கே தடை விதிக்கப்பெற்றது.

தெய்லருக்கு நேர்மாறானவர் பிராங்கு கில்பிரெத்து. அவர் 1885-இல், 17 அகவையில், கொத்துவேலை பழகச் சேர்ந்தவர். கொத்தர்கள் தமக்குக் கற்றுக் கொடுக்கும்போது ஒரு வகையாகவும், தாம் விரைந்து செய்யும்போது வேறொரு வகையாகவும் கையை அசைப்பதை அவர் அருகிருந்து கண்டார்; கேட்டார். ஒரு செங்கல்லை வைப்பதற்கு 18 அசைவுகள் இருந்ததை 5 ஆகக் குறைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிராதபடி, சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரத்தை அமைத்தார். கொத்தரோடு கொத்தராய் அவர் மொழியிற் பேசிப் பழகியவர்க்கு முதுகின் நோவு முதலிற் புலப்பட்டது. வெளியே நின்று பார்த்தவர்க்குத் தொன்கணக்கு முதலிற் புலப்பட்டது. நம் கல்லூரிகள் இவ்விருவருள் யாரை உருவாக்கப் போகின்றன?

தமிழகத்துக்கு வருவோம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொழிலகப் பொறியியலுக்கெனத் தனித்துறையே உள்ளது. அத்துறைப் பாடங்களுள் செயற்பாட்டாய்வு, ஒப்புருவாக்கம் போன்றவை எண்களின் ஆட்சிக்கு உட்பட்டவை. அவற்றில் மொழிச்சிக்கல் பிற கணக்குப் பாடங்களில் உள்ள அளவே. வேலையாய்வு என்னும் பாடத்தில்தான் உண்மைச் சிக்கல் தலைதூக்குகின்றது.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கூடம். தையற்பொறி முன் நாற்பது அகவைப் பெண்மணி ஒருவர். பக்கத்தில் ஏட்டோடும் மணிப்பொறியோடும் நான்காம் ஆண்டு மாணவன். ஓர் உருப்படியைத் தைக்க அவருக்கு 48 நொடி ஆகின்றது. அவர் இயல்பான விரைவில் தைக்கின்றாரா, மெதுவாகத் தைக்கின்றாரா என்பதை மாணவன் தன் கண்ணால் மதிப்பிட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று அவன் மதிப்பிட்டால், 48 நொடி 43.2 ஆகச் சுருங்கும். அதனோடு களைப்புக்கும் தன் தேவைக்குமாக 15 விழுக்காடு கூட்டினால் 49.68 நொடி; எட்டு மணிநேர வேலைநாளுக்கு ஏறத்தாழ 580 உருப்படி. அதே பெண்மணியை நூற்றுக்கு நூற்றுப்பத்து என்று மதிப்பிட்டிருந்தால் வருவது 474. இடையிலுள்ள 106 உருப்படியும் கணக்கிலிருந்து வந்தனவல்ல. ஓர் இளைஞனின் கண்மதிப்பிலிருந்து வந்தவை. அவற்றைத் தைத்து முடிக்கவேண்டிய கைகள் மட்டும் உண்மையான கைகள்.

'என்னங்க தம்பி குறிச்சுக்கிறீங்க?' என்று அப்பெண்மணி கேட்பார். அவனுக்கு விடை தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே தெரியும். மதிப்பீடு, இயல்நேரம், களைப்பொதுக்கீடு ஆகிய எவற்றையும் அவன் தன் தாய்மொழியில் ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'ஒண்ணுமில்லீங்க அக்கா, காலேசு வேலைங்க' என்று நகர்ந்து விடுவான். அவ்வளவில் அறுந்தது தொடர்பு. துணியின் ஓரம் சுருண்டு கொள்வதையும், நூல் அடிக்கடி அறுவதையும், அன்று கைமடி வாராமையால் மடித்துக் கொடுக்கும் வேலையையும் தாமே சேர்த்துச் செய்வதையும் அவர் சொல்லியிருப்பார். அத்தனையும் ஏட்டில் ஏறாமற் போயின. 'மெதுவாகத் தைக்கின்றார்' என்பது மட்டும் ஏறியது.

கைமடி என்னும் அச்சொல்லைச் சற்றே நின்று நோக்குக. தைப்பவர்க்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்தும் எடுத்தும் கொடுக்கும் ஆளுக்குத் திருப்பூர்த் தொழிலாளர் இட்ட பெயர் அது. எந்தக் கலைச்சொற் குழுவும் கூடி ஆக்கியதன்று. செய்யும் வேலையே சொல்லில் தெரிகின்றது. நம்மவருள் சிலர் அகரமுதலிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரே கருத்துக்கு ஆளுக்கொரு சொல்லாக ஆக்கி, தொழிலாளி நாவில் ஒருநாளும் ஏறாத நீண்ட தொடர்களை நூலில் நிரப்புகின்றனர். தனித்தமிழ் என்னும் பெயரால் செய்யப்பெறும் இதனை நாம் பாராட்டுவதற்கில்லை. பட்டறைக்குள் முதலிற் போக வேண்டும். அங்கே இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாதவற்றுக்கே புதுச்சொல் ஆக்க வேண்டும்.

வேலையாய்வின் அடிப்படையே ஆறு வினாக்கள்தாம். என்ன செய்யப்பெறுகின்றது? ஏன்? எங்கே? எப்போது? யார் செய்வது? எப்படி? இவற்றைக் கேட்ட பின்னர், வேண்டாததை நீக்கு, சேர்க்கக் கூடியதைச் சேர், வரிசையை மாற்று, எஞ்சியதை எளிதாக்கு என்பது முறை. இவ்வினாக்களுள் தமிழ்க் குழந்தைக்குத் தெரியாத சொல் ஏதேனும் உண்டா? இதனைக் கற்பிக்கத் தமிழில் சொல்வளம் இல்லை என்று சொல்லும் பேராசிரியர்களை நாம் என்னென்பது!

சப்பானியர் இதனை நன்கு உணர்ந்தனர். 1950-இல் அமெரிக்கப் புள்ளியியலார் தெமிங்கு அங்குச் சென்று தரக் கட்டுப்பாடு பற்றி உரையாற்றினார். அவ்வுரைகள் சப்பானிய மொழியில் நூலாகப் பரவின. அந்நூல் வருவாயை அவர் அவர்களுக்கே விட்டுக்கொடுக்க, 1951-இல் அவர் பெயரால் பரிசு ஒன்று நிறுவப்பெற்றது. அதனோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. 1956-இல் மேற்பார்வையாளர்க்கென வானொலிவழிப் பாடம் நடத்தினர். 1960-இல் அவர்களுக்கெனவே தனிப் பாடநூல் வெளியிட்டனர். 1962-இல் இசிகாவா முதலியோர், பட்டறையில் வேலை செய்வோர் தம் கைக்காசிலேயே வாங்கிப் படிக்கத்தக்க எளிய விலையில் ஓர் இதழைத் தொடங்கினர். அவ்விதழைச் சேர்ந்து படித்த குழுக்களே பின்னர்த் தர வட்டங்கள் என்று உலகெங்கும் பேசப்பெற்றன. கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் கண்டவர் செவர்ட்டு என்னும் அமெரிக்கரே. ஆயினும், அதனைப் பட்டறைத் தொழிலாளியின் கையில் வரைகோலோடு கொடுத்துப் பரப்பியவர் சப்பானியர். அவன் மொழியிலேயே அதனைக் கொடுத்தமையால்தான் அவனும் அதனைக் கையில் வாங்கினான்.

நம் நாட்டிலும் முயற்சியே இல்லை என்பதற்கில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. 2021-இல் நடுவணரசின் தொழில்நுட்பக் கல்விக் குழு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறியியல் கற்பிக்க இசைவு தந்தது. 2023-இல், சேர்வோர் குறைவு என்று சொல்லி உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அத்தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்தப் போவதாக அறிவித்த பல்கலைக்கழகம், எதிர்ப்பு எழுந்ததும் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சேர்வோர் குறைவு என்பது மெய்யே, நாம் மறைக்கவில்லை. வேலை கிடைக்குமோ என்னும் அச்சம் பெற்றோரை ஆட்டுகின்றது. பிள்ளையின் பிழைப்பைப் பணயம் வைத்து மொழியைக் காப்பாற்று என்று ஏழைத் தந்தையை நோக்கிச் சொல்ல நமக்கும் நா எழவில்லை.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழாக்கி அச்சிட்டார். அவர் பொறுப்பில் 1875-இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயரே ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். அதனை நாம் ஏற்கோம். இருந்தும், மாணவன் கையில் நூல் இருந்தது. நமக்கோ பெயர்மேல் சண்டை இருக்கின்றது, நூல் இல்லை.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. தொழிலகப் பொறியியற் படிப்பு முழுவதையும் நாளையே தமிழாக்குக என்று கேட்கவில்லை. வேலையாய்வு, பணிச்சூழலியல், தரக் கட்டுப்பாடு ஆகிய மூன்று பாடங்களை, எவ்வழியிற் பயில்பவனாயினும், தமிழிலும் கற்கவேண்டும் என்று விதிக்கட்டும். தொழிற்கூடத்துக்குச் சென்று நேர ஆய்வு செய்யும் மாணவன், தான் அளக்கப் போவது என்ன, எதற்காக, அதனால் வரும் எண் எப்படிக் கணக்கிடப்பெறும் என்பவற்றை, மணிப்பொறியைக் கையில் எடுக்குமுன் அத்தொழிலாளிக்குத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். சொன்னானா என்பதற்கும் மதிப்பெண் வைக்கட்டும். ஆய்வறிக்கையைத் தமிழிலும் ஒரு படி எழுதட்டும். அந்தப் படி பல்கலைக்கழக நூலகத்தின் இருட்டறைக்குப் போக வேண்டா. அக்கூடத்திலேயே, வருகைப் பதிவேடு வைத்திருக்கும் பலகைக்கு மேலே, தைப்பவரும் கைமடியும் எழுந்து நின்று படிக்கும் உயரத்தில் தொங்கட்டும். 580 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று அப்பெண்மணி கேட்கட்டும். மாணவன் நின்று விடை சொல்லட்டும்.