கிடாய்க்குச் சோறு போடாதீர்கள்!

திண்டுக்கல் பேகம்பூரில் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் சமாதி இருக்கிறது. அந்தப் பேகத்தின் பெயரால்தான் பேகம்பூர் என்ற பேர்.

பக்ரீத் பண்டிகைக்குச் சில மாதம் முன்பே இங்குள்ள சில வீடுகளில் கிடாய்க்குட்டி வந்துவிடும். பிள்ளைகள் அதற்கு மணி கட்டுவார்கள். ஆசையோடு ஊட்டுவார்கள். சோறு, கோதுமை, மக்காச்சோளம், தவிடு! கிடாய் கொழுகொழுவென்று வளரும்.

திடீரென்று ஒரு நாள் அது முதுகை வளைத்து முக்கும், கத்தும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும். சில சமயம் ரத்தமும் வரும்.

கல் அடைத்துவிட்டது!

காரணம் என்ன?

தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் சத்து அதிகம். சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆடு தழையை மெல்லும்போது எச்சில் நிறைய ஊறும். மிஞ்சிய பாஸ்பரஸ் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், புழுக்கையில் கழியும். தானியத்தை அவ்வளவு மெல்ல வேண்டியதில்லை. எச்சில் குறையும். பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கும். அங்கே மணல் போலச் சேரும்.

பெட்டை ஆட்டுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, அகலம். கிடாய்க்கோ நீளம், வளைவு, குறுகல். குட்டியிலேயே காயடித்தால் குழாய் இன்னும் குறுகலாகவே நின்றுவிடும்.

விளக்கெண்ணெய் வேண்டாம்

பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். இது தவறு. ஓரிரு நாளில் மூத்திரப்பை வெடித்துவிடக் கூடும். அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எது நல்ல தீனி?

சோளத்தட்டை, கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால், புல். இவற்றைக் கலந்து போடலாம். தானியம் கொஞ்சம் போதும். தீனியில் பாஸ்பரஸ் 1 பங்கு என்றால் சுண்ணாம்புச் சத்து 2 பங்கு இருக்க வேண்டும். சிறிது உப்புச் சேர்த்தால் ஆடு நிறையத் தண்ணீர் குடிக்கும். சுத்தமான தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

பட்டணத்துப் பிள்ளைகள் வளர்க்கும் கினிப்பன்றிக்கும் கல் வருவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல். குதிரைமசாலை அதற்கு நிறையப் போடக் கூடாது. பிராணிக்குப் பிராணி தீனி வேறு. புல்லும் தண்ணீரும் இரண்டுக்கும் பொது.

வெளிப்படையாக நோயுற்ற ஆடு குர்பானிக்கு ஆகாது. போட்ட பணமும் போகும். பட்ட பாடும் போகும். வாயில்லாப் பிராணி படும் வேதனையோ சொல்லி முடியாது.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளைகள் கையில் சோற்றுக் கிண்ணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு கொத்து அகத்தித் தழையைக் கொடுங்கள். அதையும் அவர்கள் ஆசையோடுதான் ஊட்டுவார்கள்.