மேய்ச்சல் வெளியும் நில வரைபடமும்

மலைநாட்டை அளப்பதே அரிது என்பர். சமவெளியை அளப்பதும் எளிதன்று. 1831-32-இல் கல்கத்தாவின் பாரக்பூர்ச் சாலையில் எவரெஸ்ட் துரை தலைமையில் அடிக்கோடு அளக்கப்பட்டபோது, நோக்குவதற்குக் குன்றுகள் இல்லாமையால் அதன் இரு முனைகளிலும் சுமார் 75 அடி உயரக் கோபுரங்கள் எழுப்ப நேர்ந்தது.

இன்று செயற்கைக் கோள்கள் உயரங்களை விரைவில் அளித்துவிடுகின்றன. ஆயினும் குறை முற்றும் தீரவில்லை. 20 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் வரையப்படுங்கால், மேய்க்கால் புறம்போக்கு அவற்றினிடையே வெற்றிடமாகவே நின்றுவிடக்கூடும். வெற்றிடமாய்த் தோன்றுவது தரிசெனக் கருதப்பட்டு வேறு பயனுக்குச் செல்வதும் எளிது. குட்டையின் பெயரையும், அது வற்றும் மாதத்தையும், மந்தை செல்லும் தடத்தையும் மேய்ப்பவரே அறிவர். அவரைக் கேட்டுக் குறித்தல் களப்பணியாளர் கடன்; மாணவரைக் கொண்டு தம் ஊர் வரைபடத்தைச் சரிபார்த்தல் ஆசிரியர் செய்யத்தக்க நற்பணி.