மகளின் தட்டைப் பார்த்தீர்களா?

வளைகாப்புப் பத்திரிகையை நீட்டும்போதே ஓர் அம்மா அடிக்குரலில் சொல்கிறார்: "சோத்தக் கொறச்சிட்டேன். பிள்ள பெருத்துட்டா ஆபரேஷன்னுடுவாங்க." எதிர்வீட்டில் "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று மூன்று வேளையும் சோற்றைக் குவிக்கிறார்கள். நீங்கள் இருவருமே அவள் தட்டில் சோற்றைத்தான் அளக்கிறீர்கள். கீரை எங்கே, முட்டை எங்கே?

நம் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வெட்டி ஏறத்தாழ 950 ஆண்டுகள் ஆகின்றன. 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை, வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், படுத்திருப்பவருக்கு நாளுக்கு ஒரு நாழி அரிசி என்று எல்லாம் அதில் உண்டு. மருந்துப் பட்டியலில் இரும்புக் கிட்டத்தில் செய்து சோகைக்குக் கொடுக்கும் வடகமும் இருக்கிறது. அந்தப் பிரகாரத்தைச் சுற்றி வரும் நாம்தான், நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று அலமாரியில் போட்டுவிட்டு, குங்குமப்பூவுக்குக் காசு கொடுக்கிறோம்!

1990களில் புணே அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளின் சாப்பாட்டைக் கவனித்துக் குறித்தார்கள். கீரையும் பழமும் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்குப் பிள்ளை எடை கூடிப் பிறந்தது. எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதைவிட எதைச் சாப்பிட்டார்கள் என்பதே பேசியது.

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றால் எடைக்குறைவு. அதற்கு எட்டாம் மாதத்தில் சத்துமாவைக் கரைத்துக் கொடுத்தால் போதுமென்று நினைக்காதீர்கள். கருத்தரிக்கும்போது தாய் என்ன எடையில் இருந்தாள் என்பதும் பிள்ளையின் எடையில் தெரியும். அப்படியானால் கணக்கு உங்கள் அடுக்களையில் அவள் பதினைந்து வயதிலேயே தொடங்கிவிட்டது. பையனுக்கு முட்டை, காலையிலிருந்து தறிக்குத் தார் சுற்றிய பெண்ணுக்குக் கடைசியில் ரசமும் அடிச்சோறும். நீங்கள் கொடுக்காத முட்டைக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏன் குறை சொல்கிறீர்கள்?

எல்லாப் பெண்ணுக்கும் ஒரே அளவும் இல்லை. கர்ப்ப காலத்தில் ஒல்லியானவள் பன்னிரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் கூட வேண்டும். முன்பே பருமனாக இருப்பவளுக்கு அதில் பாதி கூடினாலே போதும்.

கொழுகொழுவென்று நாலு கிலோவில் பிறந்தால் திருஷ்டி சுற்றிப் போடுகிறோம். தாயின் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் பிள்ளை அப்படிப் பெருக்கும். தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே போய்ச் சேர, பிள்ளையின் உடம்பு இன்சுலினை அதிகம் சுரந்து கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. பிறந்ததும் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். தாய்க்குச் சர்க்கரை கூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140ஐ எட்டினால் கவனம் வேண்டும். "இதைக் குடிச்சாத்தான் சக்கர வரும்" என்று மகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போகாதீர்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மாமியாரையும் கூட்டி வாருங்கள்.