வாசிக்காமல் இருந்தவர்கள்

1965 ஜூன் 14. லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அன்று ஒரே நாளில் மூன்று பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று ‘ஐ’ம் டவுன்’, தொண்டை கிழியக் கத்திப் பாடும் ராக் அண்ட் ரோல். மதியம் அதைப் பாடிய அதே தொண்டைதான் மாலையில் ‘யெஸ்டர்டே’ பாடியது. ஒரு குரல், ஒரு கிடார், அவ்வளவே. மூன்று நாள் கழித்து, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் யோசனைப்படி வயலின், வியோலா, செல்லோ கலைஞர்கள் நால்வர் வந்து வாசித்துக் கொடுத்தார்கள். குழுவின் மற்ற மூவரான ஜான் லென்னன், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகியோரின் விரலும் அந்தப் பாட்டில் படவே இல்லை.

ஆனாலும் அது பீட்டில்ஸ் பாட்டாகத்தான் வந்தது. மெக்கார்ட்னி பெயரிலேயே வெளியிடலாமா என்று மார்ட்டின் கேட்டபோது மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் மறுத்துவிட்டார். என்ன ஆனாலும் பீட்டில்ஸைப் பிரிப்பதில்லை என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் தனி இசைத்தட்டாக வெளிவந்து முதலிடம் பிடித்தது. சொந்த நாட்டில், குழுவின் முகத்துக்கு ஒத்துவராது என்று அவர்களே தயங்கினார்கள். பிரிட்டனில் அது தனி இசைத்தட்டானது 1976இல்தான். அதற்குள் குழுவே கலைந்து போயிருந்தது. ‘ஹெல்ப்!’ ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் ‘யெஸ்டர்டே’ கடைசிக்கு முந்தைய பாட்டு. அது அடங்கியதும் லென்னன் ‘டிஸ்ஸி மிஸ் லிஸ்ஸி’யை அடிவயிற்றிலிருந்து எடுத்து ஆல்பத்தை முடிக்கிறார். நாங்கள் மாறிவிடவில்லை என்று ரசிகர்களுக்கு அவசரமாக வாக்குக் கொடுப்பதுபோல இருக்கும், அந்த வரிசையில் கேட்டால்.

ஒரு குழுவின் பெயரைக் கேட்டதும் காதில் ஒரு ஒலி எழும் அல்லவா, அதற்குச் சற்றும் சேராத பாட்டு ஒன்று அநேகமாக எல்லாக் குழுக்களிடமும் இருக்கிறது. இவர்களா இப்படிப் பாடினார்கள் என்று வியப்போம். பாடியவர் யார், எழுதியவர் யார் என்று தேடுவோம். எனக்கு அந்தப் பாடல்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வாசிக்காமல் இருந்தவர் யார் என்பது. கச்சேரியில் பாடகர் விருத்தத்தை எடுத்ததும் மிருதங்க வித்வான் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் அவரும் கச்சேரியில்தான் இருக்கிறார். இடம் விட்டுக் கொடுத்து அவர் உட்கார்ந்திருப்பதால்தான் விருத்தம் அப்படி விரிகிறது.

பாஸ்டனைச் சேர்ந்த எக்ஸ்ட்ரீம் குழுவின் ‘மோர் தேன் வேர்ட்ஸ்’ காணொளியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மின்கிடாரின் வேகத்துக்குப் பேர்போன குழு அது. நூனோ பெட்டன்கோர்ட் அக்கூஸ்டிக் கிடாரை எடுக்கிறார், கேரி செரோன் பாடத் தயாராகிறார். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைக்கிறார். பேஸ்காரர் தன் கருவியை ஓரம் கட்டுகிறார். 1991இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு அது. அந்த ஒரு பாட்டுக்காக ஆல்பத்தை வாங்கியவர்களுக்கு மற்றப் பாடல்கள் அதிர்ச்சியாக இருந்திருக்கும். பாதி உலகத்துக்கு எக்ஸ்ட்ரீம் என்றால் இன்றும் அந்த ஒரு பாட்டுதான். அவர்களுடைய மற்ற வேலையை நினைத்தால் இது எனக்கு வருத்தம் தருகிறது.

மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ கதை வேறு மாதிரி. நம் கல்லூரி விடுதிகளில் கிடாரும் கையுமாகத் திரியும் பிள்ளைகள் பலர் முதலில் பழகுவது அதன் தொடக்கத்தைத்தான். காரணம், அங்கே தந்தியை அழுத்தும் கைக்கு வேலையே இல்லை. திறந்த தந்திகளை மீட்டினால் போதும். குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்து அன்றைய காதலியோடு பேசிக்கொண்டே மறு கையால் மீட்டியதில் வந்த மெட்டு அது. குழுவுக்காக அவர் அதைச் செய்யவில்லை, தனக்கென்று வைத்திருந்தார். டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிக் அதைக் கேட்டுவிட்டு, ஆல்பத்தில் வர வேண்டும் என்றார். 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்தில், மைக்கேல் கேமன் அமைத்த ஆர்க்கெஸ்ட்ராவோடு அது இடம்பெற்றது. குழுவின் தனி வாசிப்பெல்லாம் கர்க் ஹாமட்டின் பொறுப்பு என்பது ரசிகர்கள் அனைவருக்கும் தெரியும். இந்தப் பதிவில் அவர் வாசிக்கவில்லை. தனி வாசிப்பும் ஹெட்ஃபீல்டுடையது. விலைபோய்விட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் பலர் அப்போது கொதித்தார்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சந்தைக்காகச் செய்யும் பாட்டை யாரும் வீட்டுக்குள் ஒளித்து வைப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை ஆட்கொண்டது பிளாக் சபாத்தின் ‘சேஞ்சஸ்’. பர்மிங்ஹாமின் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த நால்வர். கிடார்காரர் டோனி அயோமி 17 வயதில் உலோகத் தகடு ஆலையில் இயந்திரம் நசுக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கை வாசிப்புக்காரரான அவருக்கு அதுதான் தந்தி அழுத்தும் கை. விரல்களுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டார். போகப்போகத் தந்திகளின் சுதியை இறக்கினார். ஹெவி மெட்டல் என்ற கட்டடமே அந்தக் கனத்த ஒலியின் மேல் எழுந்ததுதான்.

அந்த மனிதர் 1972இல், குழு நான்காவது ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சலீஸில் தங்கியிருந்த வீட்டின் பியானோ முன் உட்கார்ந்து, தானாகவே பழகி ஒரு மெட்டைக் கண்டெடுத்தார். அப்போது டிரம்ஸ்காரர் பில் வார்டின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. பேஸ்காரர் கீஸர் பட்லர் நண்பனின் துயரத்தைப் பாட்டாக எழுதினார். ஆஸி ஆஸ்போர்ன் பாடினார். பியானோவும் மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியும் குரலைத் தாங்கிச் செல்கின்றன. கிடாரின் இடிமுழக்கம் இல்லை. டிரம்ஸும் இல்லை.

யாருடைய துக்கமோ, அவர் அந்தப் பாட்டில் வாசிக்கவில்லை. இசைக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான் நேரான காரணமாக இருக்கும். இருந்தாலும் அதைத் தெரிந்துகொண்ட பிறகு பாட்டு எனக்கு வேறாகிவிட்டது. வரிகள் மிக எளியவை. தனியாகப் படித்தால் சாதாரணம் என்றுகூடத் தோன்றும். கிடாரின் சுவர் இல்லாத வெட்டவெளியில் ஆஸியின் குரல் அந்தச் சாதாரண வரிகளைப் பற்றிக்கொண்டு தள்ளாடுகிறது. நண்பன் வீட்டுத் துக்கத்தில் நாமும் அலங்காரமாகவா பேசுகிறோம்?

அந்தப் பாட்டு பிறகு போன தூரத்தைப் பாருங்கள். 2003இல் ஆஸி தன் மகள் கெல்லியோடு சேர்ந்து வரிகளை மாற்றிப் பாட, பிரிட்டனில் முதலிடம். சமையல்காரராகவும், ஜேம்ஸ் பிரவுனைப் போலப் பாடிக் காட்டுபவராகவும் காலம் தள்ளி, அறுபதைத் தாண்டி முதல் ஆல்பம் கண்ட சார்லஸ் பிராட்லி அதை ஸோல் பாட்டாக மாற்றினார். 2016இல் தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். பிரிவு பற்றிய பாட்டு அவர் வாயில் இறந்துபோன அம்மாவுக்கான பாட்டாயிற்று. மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்பவர்களும் அதைக் கேட்டுக் கலங்கியிருக்கிறார்கள். அசல் பாட்டைவிட எனக்கு அதுவே ஒரு படி மேல்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் சபாத்தின் கடைசிக் கச்சேரி. அதற்கு 17 நாள் கழித்து ஆஸி இறந்தார். அந்தக் கச்சேரியில் ‘சேஞ்சஸ்’ பாடியவர் யங்பிளட் என்ற இளைஞர். அவருக்குப் பக்கத்தில் கிடார் வாசித்தவர் அதே நூனோ பெட்டன்கோர்ட். இரவு முடிவில் அசல் நால்வரும் மேடைக்கு வந்தார்கள். 77 வயது பில் வார்டு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான்கு பாடல்கள் வாசித்தார்கள். நான்கும் சபாத் என்றதும் நினைவுக்கு வரும் முழக்கப் பாடல்கள்; நான்கிலும் வார்டுக்குக் கை நிறைய வேலை இருந்தது.